ஏழாம் மனைக்காரி, எட்டாம் மனையில்

முப்பத்தோரு வருடம் ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியிருந்துகொண்டு, விடாமல் சண்டையும் போட்டவர்கள் யார் என்று எங்கள் ஊரில் இப்போது கேட்டால், பால்வாடிப் பிள்ளைகூட மேப்பிள் தெருவின் கோடியைக் கை காட்டும். இரண்டு மாதத்துக்கு முன்பு இது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதான் வெட்கக்கேடு, ஏனென்றால் தப்பைச் செய்தவளே நான்தான்.

என் பெயர் நோரீன். நீதிமன்றக் கட்டிடத்துக்கு எதிரே உள்ள லேமன் வக்கீல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் அப்பா லேமனிடம். அவர் போன பிறகு மகன் கர்ட்டிடம். தட்டச்சு, தொலைபேசி, காபி, வந்து அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை எல்லாம் என் பொறுப்பு. நோட்டரியும் நானே. கையெழுத்துப் போடுகிறவர் என் கண்ணெதிரில் போட வேண்டும், நான் கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் என் முத்திரை விழும். என் மேஜையில் எந்தக் காகிதமும் ஒரு ராத்திரி தூங்கியது கிடையாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என் காலை வாரிவிட்டது, அதுவும் இரண்டு தடவை.

நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, ராமோனா டில்லன் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். ராமோனா பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தி ஓய்வு பெற்றவள், சீட்டாட்டத்தில் என் ஜோடி. அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வாய் மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருக்கிறது.

"கர்ட், இந்த சர்வேயருக்குக் கண்ணு தெரியலையா, இல்ல எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் குடியிருக்கற வீடு என்னோடது இல்லைங்கறான்!"

விஷயம் இதுதான். ராமோனா தன் வீட்டை ஒரு இளம் ஆசிரியத் தம்பதிக்குப் பேசி முடித்திருந்தாள். வெளியே பலகை எதுவும் வைக்கவில்லை, வாய் வழியாகவே வந்த கிராக்கி. வெள்ளிக்கிழமை மதியம் கிரயம். அந்தப் பணம் வந்தால்தான் அரிசோனாவில் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, படிக்கட்டே இல்லாத ஒரு சின்ன வீட்டை அவள் வாங்க முடியும். வாங்குகிறவர்கள் அனுப்பிய சர்வேயர் அளந்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

கர்ட் கடிதத்தைப் படித்தான், ராமோனாவின் பழைய பத்திரத்தைப் படித்தான், மறுபடி கடிதத்தைப் படித்தான்.

"உங்க பத்திரத்துல மனை எண் ஏழுன்னு இருக்கு, ராமோனா. உங்க வீடு நிக்கிறது எட்டுல."

"அப்போ ஏழுல யாரு?"

கர்ட் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"பக்கத்து வீட்டு வெண்டல் ஷூப்" என்றேன்.

ராமோனா முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நாற்காலி கிடுகிடுத்தது. "அந்த மனுஷன் குடியிருக்கறது என் வீட்டுலயா? ஐயோ, எத்தனை வருஷமா என் புல்லை வெட்டிட்டிருக்காரு!"

"நீங்க அவரோட புல்லை வெட்டிட்டிருக்கீங்க" என்றான் கர்ட். அவள் சிரிப்பு அங்கேயே நின்றது.

இந்த இரண்டு பேரின் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வால்நட் மரம் நிற்கிறது. அடிமரம் வெண்டல் பக்கம், கிளை ராமோனா பக்கம். இலையுதிர் காலம் வந்தால் பச்சைத் தோலோடு காய்கள் அவள் கார் கூரையில் டமால் டமால் என்று விழும். அவள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்புக்குப் புகார் எழுதுவாள். அவர், காரை வேறு இடத்தில் நிறுத்து என்று பதில் எழுதுவார். இந்த வருடம் புதிதாக இன்னொன்று சேர்ந்தது. சாயங்காலம் ஆனால் வெண்டல் தன் கார் ஷெட்டுக்குள் போய் எதையோ சுத்தியலால் டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டிருந்தார். அதற்கும் அவள் டவுன்ஷிப்புக்கு ஒரு கடிதம் போட்டாள், தட்டச்சு செய்து கொடுத்தது நான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கு அந்தக் கண்ணாடிப் பாத்திரம். ஆறு வருடத்துக்கு முன்பு வெண்டலின் மனைவி ஜாய்ஸ் இறந்தபோது, தெருவில் முதல் ஆளாகக் கோழிக்கறி நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு போனவள் ராமோனா. பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு நாடா ஒட்டி, அதில் தன் பெயரை எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் இரவல் வாங்கிய டிராக்டரைக்கூட மறந்துவிடலாம், துக்க வீட்டுக்கு வந்த பாத்திரத்தை மறக்க முடியாது. கழுவி, எதையாவது போட்டு நிரப்பி, நேரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுத்தால் அது அவமரியாதை. வெண்டல் வெறுமையாகவும் கொடுக்கவில்லை, நிரப்பியும் கொடுக்கவில்லை. ஆறு வருடமாகக் கொடுக்கவே இல்லை.

"நோரீன், இங்க வாங்க" என்றான் கர்ட். அவன் இரண்டு பழைய பத்திரங்களை அருகருகே வைத்திருந்தான். வீடுகளைக் கட்டியவர் இரண்டையும் ஒரே நாளில் விற்றிருக்கிறார். தயாரித்தது லேமன் அலுவலகம். ஓரத்தில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள். "இது யாரோட எழுத்து?"

"உங்கப்பாவுக்கு அன்னிக்கு மீன் பிடிக்கப் போற அவசரம். ரெண்டு பத்திரமும் மூணு மணிக்குள்ள முடியணும்னாரு."

"அதனால?"

"முடிச்சேன்."

ராமோனா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். சீட்டாட்டத்தில் நான் தப்பான சீட்டை இறக்கும்போது பார்ப்பாளே, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

கர்ட் நிதானமாக விளக்கினான். அப்பாவைவிட அவன் நிதானமானவன். "பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு விடுதலைப் பத்திரம் எழுதினாப் போதும். ஏழாம் மனையில எனக்கு ஏதாச்சும் உரிமை இருந்தா அதை வெண்டலுக்கு விட்டுட்டேன்னு நீங்க எழுதித் தரணும். எட்டாம் மனையில அவருக்கு ஏதாச்சும் இருந்தா உங்களுக்கு விட்டுட்டேன்னு அவர் எழுதித் தரணும். இது என்னோடதுதான்னு யாரும் சத்தியம் பண்ண வேண்டாம், உத்தரவாதம் தர வேண்டாம். இருக்கறதை விட்டாப் போதும்."

"அந்த ஆளு எனக்கு விட்டுக்குடுப்பாரா? வால்நட் எலையைத் தவிர வேற எதையும் அவரு எனக்கு விட்டுக்குடுத்ததே இல்ல, கர்ட்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள விட்டாகணும். இல்லேன்னா கிரயம் நடக்காது."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "சரி, எழுது. உன்னை வக்கீலா வெச்சுக்கிட்டேன். காசு கேட்டியோ, நோரீனைக் கை காட்டிருவேன்."

ராமோனா அங்கேயே காத்திருக்க, அன்று மதியமே வெண்டல் வந்தார். எழுபத்து நான்கு வயது, பள்ளிக்கூடப் பேருந்துகளை நாற்பது வருடம் பழுது பார்த்தவர். பேசினால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று நினைப்பவர். விரல்கள் பத்தும் கரி பூசியதுபோல் இருந்தன. வாகன எண்ணெய் போல என்று நினைத்துக்கொண்டு அவருக்குத் துணி மூடாத நாற்காலியைப் போட்டேன். கர்ட் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.

"அப்போ இவ்வளவு நாளா மிசஸ் டில்லன் இருக்கறது என் வீட்டுல" என்றார்.

"நீ இருக்கறது என் வீட்டுலய்யா! முன்வாசல் பெயின்ட்டு உரிஞ்சு தொங்குது. என் வீட்டை இப்படித்தான் வெச்சுக்குவியா?"

"உன் பூனை என் வண்டி மேல தூங்குது."

"என் மனைல நிக்கிற வண்டி. அது பாட்டுக்குத் தூங்கும்."

"அப்போ அந்த மரமும் உன்னோடதுதான். இனிமே டவுன்ஷிப்புக்கு உன் மேலயே நீ புகார் எழுதிக்கோ."

ராமோனா கைப்பையைத் திறந்து மறுபடி மூடினாள்.  கர்ட் இருமிவிட்டு, வெள்ளிக்கிழமை கிரயம் இருப்பதால் கொஞ்சம் அவசரம் என்றான்.

"என்ன கிரயம்?" என்றார் வெண்டல்.

"வீட்டை வித்துட்டேன். அரிசோனா போறேன், மக பக்கத்துல."

அவர் தன் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லவே இல்லியே."

"உனக்கு எதுக்குச் சொல்லணும்? சந்தோஷத்துல நீ பட்டாசு வெடிச்சா அந்தச் சத்தத்துக்கும் நான் லெட்டர் போடணும்."

வெண்டல் எழுந்தார். கர்ட் நீட்டிய பத்திர நகலை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "படிச்சுட்டுத்தான் கையெழுத்து. வியாழக்கிழமை வரேன்." போய்விட்டார். அவர் தொட்ட இடத்தில் எல்லாம் மேஜை விளிம்பில் கறுப்புக் கறுப்பாகக் கட்டைவிரல். எண்ணெயாக இருந்தால் துணிக்குப் போயிருக்கும். இது சோப்புப் போட்டும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ராமோனா டாக்டரைப் பார்க்க வந்தவள், வந்ததோடு வந்ததாகத் தன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றாள். கர்ட் அப்போது நீதிமன்றத்தில் இருந்தான். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். படித்தாயா, புரிந்ததா, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொந்த விருப்பத்தோடு போடுகிறாயா?

"விருப்பம் இல்லைன்னா முழங்காலை மாத்தித் தருவியா? ஆமாடி, ஆமா. முத்திரையைக் குத்து."

குத்தினேன். அவள் போனதும் கோட்டை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தேன். காகிதம் தூங்கக் கூடாதே!

கர்ட் சாயங்காலம் வந்து பதிவுச் சீட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ராமோனாவோட பத்திரத்தை மட்டும் பதிஞ்சுட்டீங்களா?"

"அவ கையெழுத்துப் போட்டா. பதிஞ்சேன்."

"ரெண்டையும் கையில வாங்கிக்கிட்டு ஒண்ணாப் பதியணும், நோரீன். எட்டாம் மனை ஏற்கெனவே காகிதத்துல வெண்டலோடது. இப்போ ஏழையும் அவருக்குக் குடுத்துட்டோம். இந்த நிமிஷம் ரெண்டு வீடும் அவரோடது. ராமோனாவுக்கு ஒரு செங்கல் கிடையாது."

"அவரு கையெழுத்துப் போடுவாரு."

"அந்த மனுஷன் ஒரு பாத்திரத்தையே ஆறு வருஷமாத் திருப்பித் தரல."

பதிவுச் சீட்டை எடுத்துக் கோப்புக்குள் வைத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. என்னுடைய அவசரம் முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு அவளை வேறு வீட்டில் வைத்தது. இப்போது தெருவிலேயே விட்டுவிட்டதோ என்று புரண்டு புரண்டு படுத்தேன். ராமோனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் என் தப்புதான்.

புதன்கிழமை வெண்டல் மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு வருடத்தில் அவர் பேசுகிற பேச்சு முழுவதும் அன்றே செலவாகிவிட்டது.

முதல் தடவை: "நோரீன், 'எனக்கு ஏதேனும் உரிமை இருப்பின்'னு போட்டிருக்கு. இருக்கா, இல்லையா?"

"இருந்தா விடறீங்க. இல்லேன்னா, இல்லாததை விடறீங்க."

"இல்லாததை எப்படிம்மா விடறது?"

"வக்கீலுங்க எழுதினது. நான் தட்டச்சுதான்."

"அதுதான் ஊருக்கே தெரியுமே" என்று வைத்துவிட்டார். கிண்டல்! வெண்டல் ஷூப்புக்குக் கிண்டல் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "என் பேருக்குப் பின்னாடி 'திருமணமாகாதவர்'னு இருக்கு. நான் கல்யாணம் ஆனவன். ஜாய்ஸ் செத்துப்போனா. அது வேற." பத்திரத்தில் மணநிலையை எழுதியாக வேண்டும், தனியாள் என்றால் அப்படித்தான் போடுவது வழக்கம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, 'மனைவியை இழந்தவர்' என்று மாற்றித் தட்டினேன். கர்ட்டைக் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை, "இதுல எல்லாத்தையும் விட்டுத்தான் ஆகணுமா? ஏதாச்சும் ஒண்ணை மட்டும் வெச்சுக்க முடியாதா?" என்றார். கர்ட் தொலைபேசியைப் பிடுங்கி, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டான்.  "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மரக்கிளைக்கு இடம் கேட்பாரோ, வேலிக்காக நாலடி கேட்பாரோ என்று கர்ட் சட்டப் புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வந்தாயிற்று. ராமோனா சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டிருந்தாள். வெண்டல் தலையைப் படிய வாரியிருந்தார், விரல்கள் மட்டும் அதே கறுப்பு. பேனாவைக் கொடுத்துவிட்டு, முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"வெண்டல், இதை நீங்க படிச்சு, புரிஞ்சு, யாரோட வற்புறுத்தலும் இல்லாம, சொந்த விருப்பத்தோட கையெழுத்துப் போடறீங்களா?"

"இல்ல" என்றார்.

முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள்கூட ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

"என்ன இல்ல? படிக்கலையா?"

"ஏழு தடவை படிச்சேன்."

"புரியலையா?"

"கர்ட்டைவிட நல்லாப் புரிஞ்சுது."

"யாராச்சும் வற்புறுத்தறாங்களா?"

"இல்ல. விருப்பமான்னு கேட்டேல்ல, விருப்பம் இல்ல. கையெழுத்துப் போடறேன், அது வேற. பேப்பரைக் குடு."

"விருப்பம் இல்லைன்னு சொன்ன கையெழுத்துக்கு நான் முத்திரை போட முடியாது, வெண்டல்."

"உள்ளதைச் சொன்னாத் தப்பா?"

ராமோனா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்யா நீ இப்படிப் பண்ணுவேன்னு! முப்பத்தோரு வருஷமா என் காரை நொறுக்கின, என் காதைக் கிழிச்ச, என் பாத்திரத்தை அமுக்கின. போகும்போதாவது நிம்மதியாப் போக விடக் கூடாதா? உனக்கு என்னதான்யா வேணும்?"

வெண்டல் அவளைப் பார்க்காமல் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ போறதுல எனக்கு விருப்பம் இல்ல, ராமோனா. வேற ஒண்ணும் இல்ல."

அவர் அவளைப் பெயர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. எப்போதும் மிசஸ் டில்லன்தான். ராமோனா நின்றபடியே நின்றாள்.

கர்ட் பாவம், சட்டப் புத்தகத்தை மூடினான். அவன் தயார் செய்து வைத்திருந்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. எனக்கோ உள்ளுக்குள் வேறு பயம். செவ்வாய்க்கிழமைச் சமாச்சாரத்தை இனியும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "ராமோனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு வீடும் இப்போ என்னோடதுங்கறதா?" என்றார் வெண்டல். "செவ்வாய்க்கிழமையே தெரியும். பதிவாளர் ஆபீஸ் பையன் டோனட் கடையில கையைக் குலுக்கினான், ரெண்டு வீட்டுக்காரர் ஆயிட்டீங்கன்னு."

"என்னது?" என்றாள் ராமோனா. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பயப்படாதே. உன் வீட்டை நான் வெச்சுக்க மாட்டேன். ஜாய்ஸ் போனப்புறம் ஒரு வீடே எனக்கு ரெண்டு வீட்டுக்குக் காலியாக் கெடக்கு. இன்னொரு காலி வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?" அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். இவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமில்லை. "அந்தப் பக்கத்துலேர்ந்து யாராச்சும் என்னைத் திட்டிட்டிருந்தா, சரி, பொழுது விடிஞ்சிருச்சுன்னு எந்திரிப்பேன். அவ்வளவுதான்."

பிறகு திடீரென்று எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவருடைய வண்டியின் கதவு திறந்திருந்தது. திரும்பி வந்தபோது கையில் அந்தக் கண்ணாடிப் பாத்திரம். மேஜை மேல், பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். விளிம்பு வரை வால்நட் பருப்பு. கறுப்பு வால்நட்டை உடைத்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் உடையாது. சுத்தியலால் அடித்து, ஆணியால் நோண்டி, ஒரு கைப்பிடி பருப்பு எடுப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். மேல் தோலை உரிக்கிறபோது பிடிக்கிற கறை வசந்தம் வரை விரலை விட்டுப் போகாது.

"வெறும் பாத்திரமா எப்படிக் குடுக்கறது?" என்றார். "ஜாய்ஸ் இருந்தா ஏதாச்சும் செஞ்சு போட்டிருப்பா. எனக்கு வெந்நீர் வெக்க மட்டும்தான் தெரியும். என்ன போடறதுன்னு யோசிச்சே அஞ்சு வருஷம் போயிருச்சு."

"அப்போ அந்த டொக்கு டொக்கு..." என்றாள் ராமோனா.

"அதேதான். நீ டவுன்ஷிப்புக்கு லெட்டர் போட்டியே, அது."

ராமோனா உட்கார்ந்தாள். ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனாலும் அவள் ராமோனா.

"ஓடு இருக்கு" என்றாள்.

"இருக்கும்" என்றார் அவர்.

கர்ட் எழுந்து போய்க் காபி போட்டான். அந்த அலுவலகத்தில் அவன் காபி போட்டது அன்றுதான் முதல் தடவை, தண்ணீராக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

"வெண்டல், இதை நான் என் மககிட்டகூடச் சொல்லல" என்றாள் ராமோனா. "என் படுக்கை மாடியில. ரெண்டு மாசமா காலைல நான் படி இறங்கறது எப்படின்னு தெரியுமா? உக்காந்து உக்காந்து. சின்னப் புள்ளை மாதிரி ஒவ்வொரு படியா. ஒரு நாள் பாதியில மாட்டிக்கிட்டு, மத்தியானம் வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன். அப்போ உன் சுத்தியல் சத்தம் கேக்காதான்னு இருந்துச்சு. சத்தம் கேட்டா யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்ல. லெட்டர் போட்டது வேற விஷயம்."

வெண்டல் அவள் முழங்காலைப் பார்த்தார். "உக்காந்தா இறங்கற?"

"ம்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"எப்படிக் கூப்பிடறது? நாமதான் சண்டைல இருந்தோமே."

 வெண்டல் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நோரீன், மறுபடி கேளு."

 வரி தவறாமல் கேட்டேன். படித்தீர்களா, புரிந்ததா, வற்புறுத்தல் இல்லையே, சொந்த விருப்பம்தானே?

"ஆமா" என்றார் வெண்டல். "இப்போ என் விருப்பம்தான்."

கையெழுத்துப் போட்டார். நான் முத்திரையைக் குத்தினேன். முத்திரைக்குப் பக்கத்திலேயே அவருடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. 

மணி மூன்றே முக்கால். பதிவாளர் அலுவலகம் நான்குக்கு மூடும். என் கை தானாகவே கோட்டை எடுத்தது.

"எங்கேடி ஓடற?" என்றாள் ராமோனா. "கோட்டை மாட்டு அங்கேயே. கிரயம் நாளைக்கு மத்தியானம்தானே? காலைல பதி. இன்னும் ஒரு ராத்திரி இந்த ஆளு எனக்கு ஹவுஸ் ஓனரா இருக்கட்டும்." அவர் பக்கம் திரும்பினாள். "ஹவுஸ் ஓனரே, வாசல் பல்பு மூணு வாரமா எரியல. வாடகைக்கு இருக்கறவ இருட்டுல விழுந்தா யாரு ஜவாப்தாரி?"

"நீ வாடகையே குடுக்கலியே" என்றார் வெண்டல். ஆனால் தொப்பியை எடுத்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்படியாக ஒரு காகிதம் என் மேஜையில் முதல் தடவையாகத் தூங்கியது. வீட்டுக்குப் போகும்போது மேப்பிள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். வெண்டல் ஏணியில் நின்றிருந்தார். ராமோனா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, மடியில் பருப்போடு, பல்பை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பத்திரத்தைப் பதிந்தேன். மதியம் கிரயம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து ராமோனாவை அழைத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை அன்று நடந்ததைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். புதியவர்கள் இன்னும் குடிவரவில்லை, காலி வீட்டில் அடுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ராமோனா அந்த அடுப்பில் கோழிக்கறி நூடுல்ஸ் செய்து, அதே கண்ணாடிப் பாத்திரத்தில் நிரப்பி, வெண்டலின் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டாள். அடியில் புது நாடா. அதில் பெயர் மட்டுமல்ல, இந்தத் தடவை அரிசோனா விலாசமும் எழுதியிருந்தது.

போன வாரம் வெண்டல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடிப் பாத்திரத்தைத் தபாலில் அனுப்பினால் உடையுமா என்று கேட்டார். கட்டாயம் உடையும் என்றேன். கர்ட்டும் தலையை ஆட்டினான், வக்கீல் என்ற முறையில். அப்படியென்றால் நேரில்தான் போக வேண்டும், வெறுமையாகவும் போக முடியாது என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஆமாம் என்றோம்.

மேப்பிள் தெருவில் இப்போது சாயங்காலம் ஆனால் மறுபடி டொக்கு டொக்கு கேட்கிறது. புதிதாகக் குடிவந்த ஆசிரியர் தம்பதி, அது என்ன சத்தம் என்று என்னிடம் கேட்டார்கள். மார்ச் மாதத்துக்குள் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.